அழித்த பிறகும் இடம் திரும்பாத வட்டு

ரூட் பகிர்வு (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதி) நிறைந்துவிட்டது என்று என் லினக்ஸ் கணினி எச்சரித்துக்கொண்டே இருந்தது. குப்பைத்தொட்டி, பேக்கேஜ் கேஷ் (மென்பொருள் நிறுவ இறக்கிய கோப்புகளின் சேமிப்பு), பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையக்கரு) எல்லாம் காலி செய்தேன். கொஞ்சம் இடம் கிடைக்கும், மறுபடி நிறைந்துவிடும்.

வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று சொல்லும் ‘டிஎஃப்’ (df) கட்டளை, வட்டு முழுதும் நிரம்பியதாகக் காட்டியது; கோப்புகளின் அளவைக் கூட்டும் ‘டியூ’ (du) கட்டளை சொன்னதோ அதில் பாதிகூட இல்லை. இந்த வித்தியாசம்தான் துப்பு. டியூ பெயருள்ள கோப்புகளை மட்டுமே எண்ணும். ஆனால் அழிக்கும்போது போவது பெயர்தான்; அந்தக் கோப்பை ஏதாவது நிரல் திறந்து வைத்திருக்கும்வரை லினக்ஸ் அந்த இடத்தை விடுவிக்காது.

அப்புறம் ‘சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1’ (sudo lsof +L1) என்ற கட்டளையைக் கொடுத்தேன். பெயர் போயும் திறந்தே கிடக்கும் கோப்புகளை அது பட்டியலிடும். பின்னணியில் ஓடிய பேக்கப் நிரல், அழிக்கப்பட்ட பதிவுக் கோப்பிலேயே எழுதிக்கொண்டிருந்தது! அந்தச் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்ததும் இடம் திரும்பிவிட்டது. அப்பாடா! கணினியையே மறுதொடக்கம் செய்தாலும் இடம் வரும், காரணம்தான் தெரியாமல் போயிருக்கும்.