வீட்டிலிருந்து வேலை: கைபேசியையும் கணினியையும் ஒழுங்குபடுத்தும் செய்முறை

கவனச் சிதறலைத் தடுக்கும் செயலிகள் பெரும்பாலும் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் ஒருவரை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை என்பது என் எண்ணம். சேலத்தின் அம்மாப்பேட்டையிலோ சூரமங்கலத்திலோ மாமியார், பிள்ளைகள், சிலிண்டர் கொண்டு வருபவர் என ஆள் நடமாட்டம் ஓயாத வீட்டின் கூடத்தில் அமர்ந்து, பெங்களூரு அலுவலகத்துக்கோ அமெரிக்க வாடிக்கையாளருக்கோ வேலை செய்பவரிடம் இந்தச் செயலிகள் நீடிப்பதில்லை. பள்ளியிலிருந்து வந்த ஓர் அழைப்பு தவறினால் போதும், வீட்டில் பேச்சு கிளம்பும். அன்றே எல்லாத் தடைகளும் அணைக்கப்பட்டுவிடும். ஆகவே யாரை உள்ளே விடுவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, எதை அடைப்பது என்பதைப் பிறகு பார்க்கும் வரிசையில் இதை எழுதியிருக்கிறேன். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை; ஆண்ட்ராய்டு கைபேசியிலும் குரோம் உலாவியிலும் ஏற்கெனவே உள்ளவையே போதும். அமைப்புகளின் பெயர்கள் கைபேசி நிறுவனத்துக்கு ஏற்பச் சற்று மாறலாம்.

படி 1: பெயர்ப் பட்டியல்

எந்த நேரத்திலும் உங்களை எட்ட வேண்டியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டார், பள்ளி அலுவலகம், வேன் ஓட்டுநர், அலுவலகத்தில் உங்கள் மேலாளர் ஆகியோர் போதும். சித்தப்பா பெரியப்பாக்களை எல்லாம் சேர்த்தால் பட்டியலுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். இந்த எண்களைத் தொடர்புகளில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரக் குறி இடுங்கள்.

படி 2: டூ நாட் டிஸ்டர்ப்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்ததும் இதுவே. செட்டிங்ஸில், அழைப்பு ஒலிகளையும் அறிவிப்பு ஒலிகளையும் அடக்கி வைக்கும் டூ நாட் டிஸ்டர்ப் பகுதிக்குச் சென்று, அழைப்புகளில் நட்சத்திரமிட்டவர்களை மட்டும் அனுமதியுங்கள், அலாரத்தையும் அனுமதியுங்கள். பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சிலிண்டர்காரரும் கூரியர்காரரும் உங்கள் தொடர்புப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிலிருந்து அழைப்பார்கள். அவர்களுக்கு எப்படி நட்சத்திரம் இடுவது?

அதற்காகவே 'ரிப்பீட் காலர்ஸ்' என்றொரு தேர்வு அங்கே உள்ளது. அதை இயக்கிவிட்டால், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடங்களுக்குள் இரண்டாவது முறை வரும் அழைப்பு மணி ஒலிக்கும். ஐபோனில் இந்த இடைவெளி 3 நிமிடங்கள்தான். வாசலில் நிற்பவர் எப்படியும் மறுபடி அழைப்பார் என்பதால் இது பெரும்பாலும் வேலை செய்கிறது. வீட்டாரிடமும், வேறு யாருடைய கைபேசியிலிருந்தாவது பேச நேர்ந்தால் உடனே இரண்டாவது முறை அழைக்கும்படி சொல்லி வையுங்கள்.

எஞ்சுவது, பொருளை ஒப்படைக்கும்போது கேட்கப்படும் ஓடிபி எண். குறுஞ்செய்தி ஓசையின்றி வந்து கிடக்க, வாசலில் ஆள் காத்துக்கொண்டிருப்பார். இதற்குக் கைபேசியில் தீர்வு தேடாமல், எரிவாயு இணைப்பில் பதிவு செய்த எண்ணை, பகலில் வீட்டில் கைபேசியோடு இருக்கும் மற்றொருவரின் எண்ணாக மாற்றிவிடுவதே நல்லது. இணையக் கடைகளில் முகவரியோடு கொடுக்கும் தொடர்பு எண்ணையும் அப்படியே மாற்றலாம்.

முடித்தவுடன் சோதித்துப் பாருங்கள். நட்சத்திரமிடாத ஓர் எண்ணிலிருந்து ஒருமுறை அழைக்கச் சொல்லுங்கள். மணி ஒலிக்கக் கூடாது. மறுமுறை ஒலிக்க வேண்டும்.

படி 3: ஃபோகஸ் மோட்

செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதிக்குள் ஃபோகஸ் மோட் இருக்கும். இன்ஸ்டாகிராம், யூடியூப், கிரிக்கெட் ஸ்கோர் செயலி, இணையக் கடைகள் ஆகியவற்றை அதில் தேர்ந்தெடுத்து, வேலை நாள்களையும் நேரத்தையும் குறித்துவிட்டால், அந்நேரம் முழுவதும் அவை மங்கலாகி உறங்கும், அறிவிப்புகளும் வாரா. இடையில் இளைப்பாற 5, 15, 30 நிமிட இடைவேளைகள் தரப்படுகின்றன. 5 நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள் என்பேன். 30 நிமிட இடைவேளை என்பது ஃபோகஸ் மோட் இல்லாததற்குச் சமம்.

வாட்ஸாப்பை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் குடும்பச் செய்தியும் பள்ளிச் செய்தியும் சேர்ந்தே நின்றுபோகும். அதைத் தனியாகக் கவனிப்போம்.

ஒவ்வொரு செயலிக்கும் நாளொன்றுக்கு இத்தனை நிமிடம் என்று அளவு வைக்கும் 'ஆப் டைமர்' பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் வேலை செய்பவருக்கு அது நல்ல கருவிதான். ஆனால் அந்தக் கணக்கு நள்ளிரவு 12 மணிக்குப் புதிதாகத் தொடங்குகிறது. மாலையில் தொடங்கிப் பின்னிரவு வரை அமெரிக்க நேரத்தில் வேலை செய்பவருக்கு, உடல் மிகவும் தளர்ந்து மனம் விளையாட்டுத் தேடும் வேளையில் முழு ஒதுக்கீடும் திரும்பக் கிடைத்துவிடும். இரவுப் பணியாளர்கள் டைமரை விட்டுவிட்டு ஃபோகஸ் மோட் நேர அட்டவணையையே நம்புங்கள்.

படி 4: வாட்ஸாப் குழுக்கள்

ஒவ்வொரு குழுவையும் 'ஆல்வேஸ்' என்ற தேர்வில் மியூட் செய்து, பிறகு ஆர்க்கைவ் செய்யுங்கள், அதாவது முதன்மைப் பட்டியலிலிருந்து ஒதுக்கி வையுங்கள். புதிய செய்தி வந்தாலும் குழு மேலே ஏறி வராது. உங்கள் பெயரைக் குறிப்பிட்டோ உங்கள் செய்திக்குப் பதிலாகவோ யாராவது எழுதினால் மட்டும் அறிவிப்பு வரும். உறவினர் குழுவில் எல்லோர் பெயரையும் குறிப்பிட்டுக் காலை வணக்கம் வைப்பவர் ஒருவர் இருப்பார், அவரிடம் நேரில்தான் பேச வேண்டும். பிள்ளையின் வகுப்புக் குழுவை மியூட் செய்யாமல் விட்டு வையுங்கள்.

படி 5: குரோமில் இரண்டு சுயவிவரங்கள்

சொந்தக் கணினியில் வேலை செய்பவர்களுக்கான படி இது. குரோமின் வலது மேல் மூலையில் உள்ள படத்தைச் சொடுக்கி, அலுவலகத்துக்கெனப் புதிய புரொஃபைல் ஒன்றை வேறு நிறத்தில் உருவாக்குங்கள். அதில் அலுவலகக் கணக்கைத் தவிர வேறு எதிலும் உள்நுழையாதீர்கள். முகவரிப் பட்டையில் ஓர் எழுத்தைத் தட்டியதும் யூடியூபைக் காட்டும் பழக்கம் உலாவியின் நினைவிலிருந்து வருவது. புதிய புரொஃபைலுக்கு அந்த நினைவு இல்லை. தளங்களைத் தடுப்பதற்காக உலாவியில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் எனும் துணைக் கருவிகளைவிட இதை நான் மேலாகக் கருதுகிறேன். எக்ஸ்டென்ஷன் தடுக்கும்போது அதை அணைக்கும் வழியையே மனம் தேடும். இங்கே தடை என்று எதுவும் இல்லை, கை பழகிய பாதை மட்டும் இல்லை. அலுவலகம் கொடுத்த கணினியாக இருந்தால் சொந்தக் கணக்குகளை அதில் திறக்காமலே இருங்கள்.

படி 6: நாட்காட்டி

அலுவலக நாட்காட்டியில் சேலத்து வாழ்க்கை தெரியாது. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை நாள் முன்னதாக நாளிதழில் வெளியாகும். பார்த்தவுடன் அந்த நேரத்தை நாட்காட்டியில் 'பிஸி' என்று குறித்துவிடுங்கள். பிள்ளையை அழைத்து வரும் நேரத்தையும், ஆடியில் தெருவில் ஒலிபெருக்கி கட்டும் நாள்களையும் அவ்வாறே குறியுங்கள். விவரம் பிறருக்குத் தெரிய வேண்டாம் என்றால் 'பிரைவேட்' என்ற தேர்வு உள்ளது. பிறகு விளக்கம் சொல்வதைவிட முன்னரே அடைத்து வைப்பது எளிது.

அமெரிக்காவோடு வேலை செய்பவர்கள் கவனிக்க: அங்கே மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே கொண்டு வருகிறார்கள். நியூயார்க்கில் காலை 10 மணிக் கூட்டம் கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. நாட்காட்டி தானாக மாறிக்கொள்ளும். ஃபோகஸ் மோட் அட்டவணை மாறாது. அந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் நினைவூட்டல் வைத்து, நீங்களே திருத்த வேண்டும்.

படி 7: பணிப் பட்டியல்

ஒன்றே ஒன்று போதும். நாட்காட்டியிலேயே தெரிவதால் கூகுள் டாஸ்க்ஸ் எனக்குப் பிடிக்கும். ஒரு நோட்டுப் புத்தகமும் குறைந்ததல்ல. குறிப்புகளையும் பணிகளையும் பக்கம் பக்கமாக எழுதி வைக்கும் நோஷன் செயலி சிறந்த கருவிதான் என்றாலும், தனி ஒருவருக்கு அதன் பக்கங்களை அழகுபடுத்துவதே ஒரு வேலையாகிவிடுகிறது. 25 நிமிடம் இடைவிடாமல் வேலை, பிறகு சிறு ஓய்வு என்று பிரான்செஸ்கோ சிரிலோ 1980களில் வகுத்த போமோடோரோ முறையைப் பலர் புகழ்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கூப்பிடும் கூடத்தில் அது நடவாது. வீடு உறங்கும் அதிகாலையில் முயலுங்கள்.

பிற்சேர்க்கை: ஏற்காட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்கு

இதைப் படித்த ஏற்காட்டுக்காரர் ஒருவர், மலைச்சரிவில் உள்ள தம் வீட்டில் அகலக்கற்றை இணைப்பு நன்றாக இருந்தும் கைபேசி அலைவரிசை வந்து வந்து போவதால் இரண்டாம் படி பயன்படவில்லை என்று எழுதினார். மணி ஒலிக்காததற்கு அங்கே டூ நாட் டிஸ்டர்ப் காரணமல்ல. அழைப்பே வந்து சேரவில்லை. கைபேசியின் சிம் அமைப்புகளில் 'வைஃபை காலிங்' என்பதை இயக்கினால், அழைப்புகள் வீட்டு வைஃபை வழியாகவே வரும். நட்சத்திரக் குறியும் இரண்டாவது அழைப்பு விதியும் வழக்கம்போல் செயல்படும்.

வார இறுதியில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்று வேலை செய்ய நினைப்பவர்கள், சேலத்தில் இணையம் இருக்கும்போதே, அலுவலகப் புரொஃபைலில் கூகுள் டிரைவைத் திறந்து 'ஆஃப்லைன்' வசதியை இயக்கி, தேவையான ஆவணங்களைக் குறித்து வைக்க வேண்டும். ஒரு குரோம் புரொஃபைலில் ஒரு கணக்குக்கு மட்டுமே இவ்வசதி கிடைக்கும் என்பதால், ஐந்தாம் படியை முடித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.