தேவதைக் கதைகளைக் குழந்தைப் பாட்டாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிண்ட்ரெல்லா கதையும் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதனாலேயே அவற்றைப் பாட்டாக எழுதுவது சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைக்கு முன்பே தெரியும். தெரிந்த கதையை மறுபடியும் ஆசையாகக் கேட்க வைப்பது ஓசையும், சொல்லும் விதமும்தான். அந்த இரண்டிலும் வழக்கமாக எங்கே சறுக்குகிறது, எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம்.

எந்த வடிவம் என்று முடிவு செய்யாமலே எழுத உட்காருவது

நமக்கு நினைவிருக்கும் சிண்ட்ரெல்லா பெரும்பாலும் ஒரு கலவை. பிரெஞ்சில் சார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட கதையில் தேவதை வருகிறாள், பூசணிக்காய் தேராகிறது, செருப்பு கண்ணாடியால் ஆனது, விருந்து இரண்டு இரவு நடக்கிறது. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812 முதல் பல பதிப்புகளாக வெளியிட்ட தொகுப்பில் தேவதையே கிடையாது. தாயின் கல்லறையில் வளர்ந்த மரமும் அதில் வந்து உட்காரும் பறவையும்தான் உடை கொடுக்கின்றன. விருந்து மூன்று இரவு. செருப்பு தங்கம். அக்காமார்களில் ஒருத்தி கால் விரலை வெட்டுகிறாள், இன்னொருத்தி குதிகாலை வெட்டுகிறாள். இரண்டு முறையும் புறாக்கள் "செருப்பில் ரத்தம்" என்று கூவிக் காட்டிக் கொடுக்கின்றன.

இரண்டையும் கலந்தால் பாட்டில் இடம் போதாது. தேவதையையும் மரத்தையும் ஒருசேர அறிமுகப்படுத்தவே எட்டு வரி போய்விடும். மாயமும் வேகமும் வேண்டுமென்றால் பெரோ. மூன்று முறை திரும்பி வரும் அடுக்கு வேண்டுமென்றால் கிரிம். பாட்டுக்கு மூன்று என்ற எண் பெரிய வரம் என்பதால், எழுதிப் பழகுபவருக்கு கிரிம் வடிவமே கைகொடுக்கும்.

சிவப்புத் தொப்பிச் சிறுமிக்கும் இதே கதைதான். பெரோவின் வடிவத்தில் ஓநாய் அவளை விழுங்குகிறது, அத்தோடு கதை முடிந்தது. கிரிம் வடிவத்தில் அந்த வழியாகப் போகும் வேட்டைக்காரர் குறட்டைச் சத்தம் கேட்டு வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார். ஓநாயின் வயிற்றைக் கத்தரித்துச் சிறுமியையும் பாட்டியையும் வெளியே எடுக்கிறார். இந்த முடிவை எடுத்துக்கொள்பவர்கள் குறட்டையை விட்டுவிட்டு "அப்போது ஒரு வேட்டைக்காரர் வந்தார்" என்று எழுதுகிறார்கள். ஏன் வந்தார் என்ற காரணமும் போகிறது, ஒரு கண்ணி (பாட்டின் ஒரு பத்தி) முழுக்க "கொர்ர் கொர்ர்" என்று குழந்தைகளோடு சேர்ந்து கத்துகிற வாய்ப்பும் போகிறது.

இன்னொரு ஆபத்து சினிமா. ஸ்நோ ஒயிட்டின் ஏழு குள்ளர்களுக்கு கிரிம் கதையில் பெயரே இல்லை. நாம் கேட்ட பெயர்கள் 1937இல் வந்த டிஸ்னி படத்தில் வைத்தவை. இளவரசன் முத்தமிட்டு எழுப்புவதும் கிரிம் சொன்னதல்ல. பின்னாளைய பதிப்புகளில், பெட்டியைச் சுமந்து போகும் ஆள் ஒரு செடி தடுக்கி இடறுகிறான், அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. கிரிம் கதைகள் பொதுச் சொத்து, யாரும் பாட்டாக்கலாம். படத்துக்கென்றே உருவாக்கியதை எடுத்தால் உரிமைச் சிக்கல் வரும். சிக்கலை விடுங்கள், விளையாட்டுப் பாட்டுக்கு முத்தத்தைவிட இடறி விழுவது எவ்வளவு பொருத்தம்!

முழுக் கதையையும் சொல்லப் பார்ப்பது

படப் புத்தகம் என்றால் பொதுவாக 32 பக்கம். தலைப்பு, பதிப்பு விவரம் போக எதிரெதிர்ப் பக்கங்களாக 12 முதல் 14 விரிப்பு கிடைக்கும். விரிப்புக்கு ஒரு நாலு வரிக் கண்ணி என்றால் மொத்தம் 48 முதல் 56 வரி. மேடையில் சொல்வதற்கும் இந்த அளவே நல்லது.

இந்தக் கணக்கைப் போடாமல் எழுதினால் தொடக்கம் வீங்கும், முடிவு ஓடும். ஸ்நோ ஒயிட்டில் அவளைப் பெற்ற ராணி ஜன்னலோரம் தைப்பது, விரலில் ஊசி குத்துவது, பனியில் ரத்தம் சொட்டுவது என்று ஐந்து கண்ணி போய்விடும். பிறகு சூனியக்காரச் சிற்றன்னை மூன்று முறை வருவதை ஒரே கண்ணியில் அடைப்பார்கள். குழந்தை காத்திருப்பதோ அந்த மூன்று வருகைக்குத்தான்: முதலில் இடுப்பு நாடா, அடுத்து விஷச் சீப்பு, கடைசியில் ஆப்பிள். பன்னிரண்டு கண்ணிக்கு இப்படிப் பிரிக்கலாம்: கண்ணாடியும் சிற்றன்னை ராணியின் பொறாமையும் 3, காடும் குள்ளர் வீடும் 2, மூன்று வருகைகள் 4, கண்ணாடிப் பெட்டி 1, இடறல் 1, கல்யாணம் 1. பிறந்த கதை இல்லாமலே பாட்டு நிற்கும்.

பல்லவியைக் கோட்டை விடுவது

இந்தக் கதைகளுக்குள்ளேயே பல்லவி இருக்கிறது. கண்ணாடியிடம் ராணி கேட்கும் கேள்வி, புறாக்களின் கூவல், பாட்டி வேஷத்தில் படுத்திருக்கும் ஓநாயிடம் சிறுமி கேட்பது எல்லாம் வாய்மொழியில் திரும்பத் திரும்ப வந்து தேய்ந்து உருண்டவை. புதிதாக எழுதுகிறவர்கள் "ஒரே மாதிரி வருகிறதே" என்று பயந்து ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியமாக மாற்றிவிடுகிறார்கள். குழந்தை சேர்ந்து பாட ஓர் இடம்கூட மிஞ்சாது. மாற்ற வேண்டியது ஒரே ஒரு சொல்:

பாட்டி பாட்டி காதெதற்கு?
பாப்பா பேச்சைக் கேட்பதற்கு!
பாட்டி பாட்டி கண்ணெதற்கு?
பாப்பா முகத்தைப் பார்ப்பதற்கு!
பாட்டி பாட்டி பல்லெதற்கு?
லபக்!

ஐந்து வரியும் ஒரே அச்சில் ஓடியதால்தான் கடைசி "லபக்" சத்தமாகக் கேட்கிறது. ஓசையை உடைக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் ஒரு பாட்டில் ஒரு முறை, கதை திரும்பும் இடத்தில் மட்டும். இங்கே ஆறாவது வரியையும் "பாப்பா உன்னைத் தின்பதற்கு" என்று ஒழுங்காக முடித்தால் இலக்கணம் சரியாக இருக்கும், திடுக்கிடல் இருக்காது.

எழுத்தை எண்ணுவது

வரிக்கு இத்தனை எழுத்து என்று எண்ணி எழுதினால் சந்தம் வராது. "மரங்களை" ஐந்து எழுத்து, "பெருச்சாளி" ஐந்து எழுத்து. ஆனால் மரங்/களை ஈரசை, பெருச்/சா/ளி மூவசை. எண்ண வேண்டியது அசையை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஓசைத் துண்டை. அசைகள் சேர்ந்தால் சீர்.

மேலே உள்ள பாட்டின் அச்சு மா, மா, காய். அதாவது தேமா (பாட்/டி) அல்லது புளிமா (முகத்/தைப்) என்ற ஈரசைச் சீர் இரண்டு, பிறகு காயில் முடியும் மூவசைச் சீர் ஒன்று. பாட்/டி, பாட்/டி, கா/தெதற்/கு. மூன்றாவது வரை தட்டிக்கொண்டே போனால் கை தானாக நிற்கும். குழந்தைப் பாட்டுக்கு இதைவிடப் பழகிய நடை குறைவு.

கதையின் முக்கியச் சொல் எந்தச் சீரில் உட்காரும் என்று எழுதுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சிண்ட்ரெல்லாவைப் பாட்டாக்குபவர்கள் பலரும் "பூசணிக் காயைத் தேராக்கி" என்று தொடங்குவார்கள். பூ/சணிக் என்பது கூவிளம், அதாவது மாவைவிட இரண்டாம் அசை நீண்ட சீர். மா வர வேண்டிய இடத்தில் விளம் வந்து முதல் அடியிலேயே கால் இடறும். ஆனால் "பூசணிக்காய்" என்று முழுச் சொல்லாக எடுத்தால் அது கூவிளங்காய், மூன்றாம் சீருக்கென்றே செய்தது போல இருக்கும்:

தோட்டத்தோரம் பூசணிக்காய்
தொட்டவுடனே தேராச்சு

"சிண்ட்ரெல்லா"வும் அப்படித்தான், தேமாங்காய். அவள் பெயரை வரியின் முடிவில் வைத்தால் சிரமமே இல்லை.

வினைமுற்றை நம்பி இயைபு கட்டுவது

எல்லாவற்றிலும் அதிகமாகக் காணப்படும் தவறு இதுதான். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால் "வந்தாள், சென்றாள், நின்றாள்" என்று வரி முடிவு தானாகவே ஒத்துப்போகும். எழுதுகிறவருக்குப் பாட்டு அமைந்துவிட்ட மாதிரி இருக்கும்:

பூசணிக்காயைத் தேராக மாற்றினாள்
எலிகளை எல்லாம் குதிரையாய் மாற்றினாள்
பெருச்சாளியை வண்டிக்காரனாய் மாற்றினாள்

இது உரைநடையை மூன்றாக ஒடித்தது, அவ்வளவே. தமிழ்க் காது வரியின் தலையைக் கேட்கிறது. இரண்டாம் எழுத்து ஒத்து வரும் எதுகையும், முதல் எழுத்து ஒத்து வரும் மோனையும்தான் நம் பாட்டைத் தூக்கி நிறுத்துபவை. வரி முடிவு ஒத்து வரும் இயைபு அவற்றின் மேல் வரும் அலங்காரம். பெரோ சொன்ன ஆறு எலியும் ஒரு பெருச்சாளியும் இப்படி வரலாம்:

சின்ன எலிகள் ஆறும் போய்ச்
சிலிர்க்கும் குதிரை ஆறாச்சு
தின்னத் திரிந்த பெருச்சாளி
தேரை ஓட்டும் ஆளாச்சு

சின்ன, தின்ன எதுகை. சின்ன, சிலிர்க்கும் ஒரு மோனை, தின்ன, தேரை இன்னொரு மோனை. ஆறாச்சு, ஆளாச்சு இயைபு. மாற்றியவள் தேவதை என்று சொல்லவே இல்லை. முந்தின கண்ணியில் அவள் கோலால் தொட்டாயிற்று, போதும். "திரிந்த" என்ற ஒரு சொல்லில் பெருச்சாளியின் பழைய வேலையும் வந்துவிட்டது.

முதல் வரியை "ஆறுமங்கே" என்று எழுதியிருந்தாலும் சீர் சரியாகவே இருக்கும். ஆனால் "அங்கே" எதையும் சொல்லவில்லை, ஓட்டையை அடைக்கிறது. அங்கே, தானே, ஆமாம், அம்மா, நன்றாய் ஆகியவை இப்படி வந்து உட்காரும் சொற்கள். எழுதி முடித்ததும் இவற்றைத் தேடி வட்டமிடுங்கள். எடுத்தால் பொருள் மாறாத சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு செயலோ, நிறமோ, சத்தமோ வையுங்கள்.

எதுகைக்கு அடிமையாவது இதற்கு நேர் எதிரான தவறு. "செருப்பு" என்று எழுதியவுடன் மனம் "நெருப்பு, பருப்பு" என்று ஓடும். இளவரசன் திடீரென்று நெருப்பைத் தாண்டுவான், அல்லது விருந்தில் பருப்பு பரிமாறுவார்கள். கதைக்கு அடுத்து என்ன வேண்டும் என்று முதலில் உரைநடையில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்: அக்காவின் கால் பெரிது, செருப்பு நுழையவில்லை. அந்த வரியில் இருக்கும் சொற்களிலேயே எதுகை தேடுங்கள்.

செருப்பை நீட்டி நிற்கையிலே
பெருத்த பாதம் போகலையே

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது. முதல் எழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருக்க வேண்டும். "தோட்ட, தொட்ட" பார்வைக்கு எதுகை போலத் தெரிந்தாலும் அளவு ஒக்கவில்லை. அங்கே வேலை செய்வது மோனை. மோனைக்கோ இன்னும் தாராளம் உண்டு: ச வுக்குத் த, ம வுக்கு வ, ந வுக்கு ஞ இனமாக நிற்கும்.

நடையும் ஊரும் பாதியில் மாறுவது

"சென்றனள்" என்று எழுதிய அடுத்த வரியில் "பயந்துட்டா" வந்தால் பாடுபவருக்கு எந்தக் குரலில் பாடுவதென்றே தெரியாது. கதை சொல்லும் குரலுக்கு எளிய எழுத்து நடையோ பேச்சு நடையோ ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை வைத்திருங்கள். பாத்திரங்கள் பேசும்போது மட்டும் பேச்சுத் தமிழுக்கு இறங்கலாம். ஓநாய் கொச்சையாகப் பேசுவது வேடிக்கையாகவே இருக்கும்.

ஊரை மாற்றுவதும் அப்படித்தான். சிண்ட்ரெல்லாவைச் செல்லம்மா ஆக்கிவிட்டு, கணப்படுப்புச் சாம்பலையும் பனியையும் அப்படியே விட்டால் கதை எங்கேயும் நிற்காது. மாற்றினால் அடுப்படி, வண்டி, விருந்துச் சாப்பாடு வரை மாற்ற வேண்டும். அதற்கு 48 வரி போதாது என்று தோன்றினால் கதையை ஐரோப்பாவிலேயே விட்டுவிடுங்கள். குழந்தைகள் பனியையும் ஓநாயையும் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள்.

கடைசியில் நீதி ஒட்டுவது

பெரோ தன் உரைநடைக் கதைகளின் முடிவில் செய்யுளில் நீதி எழுதினார். அது அரண்மனைப் பெரியவர்களுக்கான சாமர்த்தியம். நாம் "ஆகவே குழந்தைகளே" என்று தொடங்கி எழுதும் நாலு வரி, லபக் என்று கத்திச் சிரித்த குழந்தையை வகுப்பறை பெஞ்சில் மறுபடி உட்கார வைக்கும். கதையின் கடைசிச் செயலோடு நிறுத்துங்கள்.

பயங்கரமான இடங்களையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஸ்நோ ஒயிட்டின் சிற்றன்னையைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பில் ஆட வைப்பது கிரிம் முடிவு. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம் என்றால் முழுவதும் விடுங்கள். "ஏதோ தண்டனை கிடைத்தது" என்று பாதி சொன்னால் கேள்விதான் மிஞ்சும்.

தானே படித்துப் பார்த்துத் திருப்திப்படுவது

எழுதியவர் வாய்க்கு எல்லா வரியும் ஓடும், ஏனெனில் மெட்டு மனதில் இருக்கிறது. இதுவரை பார்க்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, முன்னேற்பாடு இல்லாமல் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேசாமல் இன்னொரு பிரதியில் அவர் தயங்கிய இடத்தையெல்லாம் கோடிடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் தயங்கினால் விளக்கம் சொல்லாதீர்கள், வரியை மாற்றுங்கள்.

தயக்கத்துக்குச் சில நேரம் அச்சே காரணமாக இருக்கும். சீர் பிரித்து "தொட்ட வுடனே", "தோட்டத் தோரம்" என்று அச்சிட்டால், படிக்கப் பழகும் குழந்தை "வுடனே" என்று ஒரு சொல்லைத் தேடும். சீர் பிரிப்பது எழுதும் தாளோடு இருக்கட்டும், புத்தகத்தில் "தொட்டவுடனே" என்று சொல்லாகவே வரட்டும். "காதெதற்கு" போன்ற புணர்ச்சியைப் பிரித்துக் "காது எதற்கு" என்று அச்சிட்டாலோ ஓர் அசை கூடி ஓசை தட்டும். அதைச் சேர்த்தே விட்டு, பக்கத்தில் ஓநாயின் பெரிய காதை வரையச் சொல்லுங்கள்.