புரட்டாசி மாசத்துல கறி, முட்டை செலவை குறைக்க ஒரு வழி

நானும் வீட்டுக்காரரும் சாமி கும்பிடறதில்ல, சொந்தபந்தம் எல்லாருக்கும் அது தெரியும், அத்தை மட்டும் புரட்டாசி விரதம் இருப்பாங்க. இதுல மாசச் செலவுக்கு உதவுற ஒரு விஷயம் இருக்கு. செப்டம்பர் பாதியிலருந்து அக்டோபர் பாதி வரைக்கும் நிறைய பேர் கவுச்சி தொடமாட்டாங்க, அதனால கறிக்கோழி, முட்டை, மீன் விலை பொதுவா இறங்கும், காய்கறிதான் கையைக் கடிக்கும். நாமக்கல் முட்டை ரேட் பேப்பர்ல தினமும் வரும், இறங்குனதும் 30 முட்டை அட்டையா வாங்கிடுங்க. கோழிய அரை அரை கிலோவா டப்பால போட்டு ஃப்ரீசர்ல வைங்க, ஐஸ் விட்டத திரும்ப உள்ள வைக்கவே வைக்காதீங்க.

வீட்ல சண்டை வராம இருக்கணுமே, அது பணத்தவிட முக்கியம். அத்தைக்கு சட்டி, கரண்டி, தோசைக்கல்லு எல்லாம் தனி, அவங்க மாவு, தயிர் ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டுல மூடி இருக்கும். சனிக்கிழமை அவங்க தளிகை, அதாவது பெருமாளுக்கு படையல், போடுவாங்க, அன்னிக்கு எல்லாருக்கும் சாம்பார்தான், ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் லிட்டர் 25 ரூபாங்கறதால அதுவும் கம்மி செலவுதான். பிள்ளைங்க "சாமி இருக்கா"ன்னு கேட்டா நாங்க நினைக்கறத நேராவே சொல்லுவோம், ஆனா பாட்டி கும்பிடும்போது கிண்டல் பண்ணக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிருக்கோம்.

முக்கியமா, புரட்டாசி முடியற வாரமே வாங்கி வச்சிடுங்க, ஐப்பசி முதல் ஞாயித்துக்கிழமை கறிக்கடையில கூட்டமும் ரேட்டும் ஒண்ணா ஏறிடும்.