பளபளக்கும் கம்பியை நம்பலாமா? பழைய பாய்மரப் படகின் ரிக்கிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பாய்மரப் படகை மலிவாக வாங்கியவர் முதல் வேலையாக ஒரு துணியை எடுத்து, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை, அதாவது ரிக்கிங்கை, துடைப்பார். பளிச்சென்று வந்துவிட்டால் "இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்று முடிவு கட்டிவிடுவார். நானும் அதைத்தான் செய்தேன். என்னுடையது ஒன்டாரியோ ஏரியில் ஓடிக்கொண்டிருந்த, 1970களில் கட்டிய 22 அடி ஃபைபர் படகு. முன்னால் ஃபோர்ஸ்டே, பின்னால் பேக்ஸ்டே, இரு பக்கமும் ஷ்ரவுட் என்று பாய்மரத்தைப் பிடித்திருந்த எல்லாமே வெள்ளி மாதிரி மின்னின. ஆனால் இந்த வயர் நடுவில் அறுவது அபூர்வம். விடுவதெல்லாம் முனைகளில்தான், அங்கே துணி போவதில்லை.

முனையில் இருப்பது ஸ்வேஜ். வயரை ஒரு குழாய்க்குள் விட்டு, இயந்திரத்தில் அழுத்தி இறுக்கிய துண்டு. ஷ்ரவுட்டின் மேல்முனையை விடக் கீழ்முனைதான் சீக்கிரம் கெடும். கம்பி வழியே வழிந்து வரும் தண்ணீர் அந்தக் குழாயின் வாயில்தான் தேங்குகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குத் துரு பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்ஸைடு படலம். அது கிழிந்தால் மறுபடி உருவாகக் காற்று வேண்டும். இடுக்கில் தேங்கிய தண்ணீருக்குள் காற்று ஏது? உப்புத் தண்ணீரானால் இன்னும் மோசம். ஏரிப் படகுதானே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து, ஸ்வேஜை நீளவாக்கில் பிளந்துவிடும்.

அதனால் பூதக்கண்ணாடியோடு போங்கள். ஸ்வேஜின் உடம்பில் மயிரிழை விரிசல், வாயிலிருந்து வழியும் பழுப்புக் கறை, வாழைப்பழம் போல வளைந்த ஸ்வேஜ்: இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அந்தக் கம்பியை மாற்றிவிட வேண்டியதுதான். சந்தேகம் இருந்தால் வெல்டிங் பட்டறைகளில் பயன்படுத்தும் சிவப்புச் சாய ஸ்ப்ரேயை அடித்து, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். வயரை மட்டும் வெறுங்கையால் உருவிப் பார்க்காதீர்கள். அறுந்த இழை ஒன்று போதும், உள்ளங்கையைக் கிழித்துவிடும். டிஷ்யூ காகிதத்தால் உருவினால் இழை இருக்கும் இடத்தில் நூல் மாதிரி சிக்கிக்கொள்ளும்.

சிறு படகுகளில் பாய்மரத்தைத் தாங்கும் கம்பி பெரும்பாலும் 19 இழைகள் கொண்டது. "ஒரு இழைதானே போயிருக்கிறது, 18 இருக்கிறதே" என்று கணக்குப் போடுவது அடுத்த தவறு. அறுந்த இழை பட்ட அதே களைப்பை மற்ற பதினெட்டும் பட்டிருக்கின்றன. உப்புக் கடலில் ஓடிய படகென்றால், கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் 10 முதல் 15 வருடத்துக்குள் மாற்றுவதே பொதுவான வழக்கம். முன்னால் பாயைச் சுருட்டும் ஃபர்லர் இருந்தால் ஃபோர்ஸ்டே அதன் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். கண்ணில் படாததால் அதை மறந்துவிட்டு மற்றதையெல்லாம் மாற்றியவர்கள் உண்டு.

இனி என் சொந்தத் தவறு. கம்பியை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் கழலாமலிருக்கச் செருகிய காட்டர் பின்கள் பாயைக் கிழிக்கக் கூடாதென்று வெள்ளை டேப்பை மூன்று சுற்று சுற்றி வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது. அடுத்த வருடம் உரித்தபோது உள்ளே ஈரம், பழுப்புக் கறை, ஒரு பக்கம் விரிசலின் தொடக்கம். தண்ணீரை உள்ளே வைத்து மூடி, இடுக்கை நானே உண்டாக்கியிருந்தேன். டேப் போட்டே ஆகவேண்டுமென்றால் பின்னின் முனையை மட்டும் ஒரு சுற்று மூடினால் போதும். டர்ன்பக்கிளின் மரையில் லனோலின் (ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு) தடவுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் உரசினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு ரம்பம்தான்.

செயின்பிளேட்டுக்கும் இதே கதைதான். ஷ்ரவுட்டைப் படகோடு பிணைக்கும் இந்தப் பட்டை டெக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் படகுகளில், மேலேயும் கீழேயும் தெரிகிற பகுதி நன்றாகவே இருக்கும். டெக்குக்குள் மறைந்திருக்கும் சில மில்லிமீட்டர்தான் அரிக்கும். அந்த இடத்தில் டெக்கின் நடுவிலுள்ள பிளைவுட்டும் சேர்ந்து ஊறியிருக்கும். ஒழுகுகிறதே என்று மேலே இன்னொரு கோட்டிங் சீலன்ட் அப்பாதீர்கள். போல்ட்டைக் கழற்றி, பட்டையை வெளியே எடுத்துப் பாருங்கள். எரிச்சலான வேலை, ஒரு சனிக்கிழமை முழுசாகப் போய்விடும். ஆனாலும் எடுங்கள்.

புதிய கம்பி வாங்கும்போது "ஒரு சைஸ் தடிமனாகப் போடுவோம், பலமாக இருக்கும்" என்று ஆசை வரும். தடித்த வயருக்குப் பெரிய பின், பெரிய டர்ன்பக்கிள், பாய்மர உச்சியில் கூடுதல் எடை என்று வால் நீளும். படகை வரைந்தவர் சொன்ன அளவே போதும். பாயை ஏற்றும் ஹாலியார்டுக்கான வளையும் வயர் கைவசம் இருக்கிறதென்று அதை ஷ்ரவுட்டாகப் போடுவதும் தப்பு. அது பளுவில் அதிகமாக நீளும். யூ வடிவக் கிளாம்ப் போட்டு முனை கட்டுவது கரை சேருவதற்கான அவசர வைத்தியம், அதற்கு மேல் இல்லை. நீளத்துக்குப் பழைய கம்பியையே மாதிரியாகக் கொடுங்கள், ஆனால் டர்ன்பக்கிள் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முழுக்க இறுகிய நிலையில் எடுத்த அளவுக்குப் புதுக் கம்பி செய்தால், இறுக்க இடமே இருக்காது.

மரம் நின்றபடியே மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒரு கம்பி மட்டும். கழற்றும் பக்கத்தில் ஹாலியார்டை, நம் தோணிக்காரர்கள் ஆஞ்சான் என்பார்களே அந்தக் கயிற்றை, இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், 22 அடிப் படகில் மரத்தின் மேல் ஏறுவதை விட மரத்தைக் கீழே இறக்குவதே மேல். உச்சியில் ஓர் ஆள் எடை ஏறினால் சின்னப் படகு நிலை தடுமாறும். இறக்கும்போதும் ஏற்றும்போதும் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். அலுமினியப் பாய்மரம் மின்கம்பியில் பட்டு ஆள் செத்த சம்பவங்கள் உண்டு.

கீழே இறக்கியதும் ஸ்ப்ரெடரைப் பாருங்கள், ஷ்ரவுட்டை மரத்திலிருந்து தள்ளிப் பிடிக்கும் குறுக்குக் கை அது. அதன் நுனி ஷ்ரவுட்டுக்கு மேலும் கீழும் சமமான கோணத்தில் நிற்க வேண்டும், தொங்கிப்போயிருந்தால் பளு ஏறும்போது சரிந்துவிடும். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு இறங்கிய இடங்களில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் இறுக்கம். வீணைத் தந்தி மாதிரி ஒலிக்கும் வரை இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். பழைய படகில் அது டெக்கை அமுக்கும், உடம்பையே வளைக்கும். அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தளர்ந்த நிலையில் 19 இழை வயரில் 2 மீட்டர் குறித்துக்கொண்டு இறுக்குங்கள். ஒவ்வொரு 1 மி.மீ. நீட்சிக்கும் வயர் அறும் பளுவில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது. படகின் கையேடு வேறு சொல்லாவிட்டால் 3 மி.மீ. நீளும்வரை இறுக்கி நிறுத்தலாம். பிறகு நல்ல காற்றில் ஓட்டிப் பாருங்கள். காற்றுக்கு மறுபக்க ஷ்ரவுட் லேசாகத் தளர்ந்தால் சரி, ஊஞ்சலாக ஆடினால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும்.

இந்தச் சோதனை ஓட்டத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எப்படியும் மறுபடி திருப்பப் போகிறோமே என்று காட்டர் பின்னைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். பாயின் அதிர்விலேயே டர்ன்பக்கிள் மெதுவாகத் தானாகக் கழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் பின்னைப் போடுங்கள். கால்களை மீசை போல முறுக்கிவிடாமல் சற்றே விரித்தால் போதும், இடுக்கியால் ஒரே இழுப்பில் எடுக்க வரும்.