முகப்பைப் புதுப்பித்துவிட்டு பார்க்கிங்கில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

தாம்பரம், மேடவாக்கம், போரூர் பக்கம் பழைய காம்ப்ளெக்ஸ்களைப் புதுப்பிக்கும்போது முதலில் வருவது கண்ணாடி முகப்பு, பிறகு எஸ்கலேட்டர், மேல்மாடியில் ஃபுட் கோர்ட். பார்க்கிங் கடைசி மாதத்தில், மிச்சமிருக்கும் பணத்தில் நடக்கும். முதல் தடவை இந்த வேலையை எடுக்கும் ஓனர்களும் இளம் இன்ஜினியர்களும் விழுவது பெரும்பாலும் இங்கேதான். கோடு மங்கல், வெளிச்சம் போதவில்லை என்பதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். கான்கிரீட்டை உடைத்தால்தான் திருத்த முடியும் என்ற வகைத் தவறுகளைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ரோட்டோரத்திலேயே டோக்கன் கேட்

இத்தனை பேர் பட்ட பிறகும் புதிதாக வருகிற ஒவ்வொரு வரைபடத்திலும் இது இருக்கிறது. காம்பவுண்டு சுவரை ஒட்டி ஆர்ச், அதன் கீழேயே பூம் பேரியர் (ஏறி இறங்கும் தடுப்புக் கம்பி), பக்கத்தில் செக்யூரிட்டி கூண்டு. படத்தில் அழகாகத்தான் இருக்கும். கரன்ட் கேபிளும் அங்கேயே வருவதால் எலக்ட்ரீஷியனுக்கும் வேலை மிச்சம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். டோக்கன் மட்டும் கொடுத்து அனுப்பினால் ஒரு காருக்குச் சுமார் 15 விநாடி, அதாவது மணிக்கு 240 கார். உள்ளே வரும்போதே காசு வாங்கினால் சில்லறை, க்யூஆர் ஸ்கேன், "போயிடுச்சா சார்?" எல்லாம் சேர்ந்து 40 விநாடி. மணிக்கு 90 கார்தான் நுழையும். ஞாயிறு சாயங்காலம் மணிக்கு 180 கார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதே நிமிடத்தில் 60 கார் வந்திருக்கும், 30 உள்ளே போயிருக்கும், 30 வெளியே நிற்கும். ஒரு காருக்கு இடைவெளியோடு 6 மீட்டர் என்றால் 180 மீட்டர் வரிசை. அது மெயின் ரோட்டில், பஸ் ஸ்டாப்பை மறித்துக்கொண்டு நிற்கும். அடுத்து டிராஃபிக் போலீஸ் வருவார், கேட்டைத் திறந்துவிடச் சொல்வார். அன்றைய வசூலும் போச்சு.

ரோட்டு விளிம்பிலிருந்து பேரியர் வரை 25 முதல் 30 மீட்டராவது வேண்டும், நான்கைந்து கார் உள்ளேயே நிற்க. அவ்வளவு ஆழம் இல்லாத மனையில் கேட்டைக் கட்டடத்தின் பக்கவாட்டுக்கோ பின்பக்கத்துக்கோ தள்ளுங்கள். தள்ளும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பேரியர் ராம்ப் சரிவில் வரக்கூடாது; ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்ச் பிடித்து, பின்னால் உருண்டு என ஒவ்வொரு காரும் அரை நிமிடம் தின்னும். டோக்கன் மெஷினுக்கு முன் 6 மீட்டராவது நேராக இருக்க வேண்டும். வளைவில் வைத்தால் கார் ஒட்டி வராது, டிரைவர் கதவைத் திறந்து இறங்கி எடுப்பார். பேரியரைத் தாண்டியதும் முதல் 20 மீட்டருக்குள் நிறுத்துமிடம் வரையாதீர்கள். அங்கே ஒருவர் ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் மொத்த வரிசையும் நின்றுவிடும்.

காசு வாங்குவது வெளியேறும்போது. அதுவும் பேஸ்மென்ட் எக்ஸிட்டில் அல்ல, தரைத்தளத்தில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கவுன்டர். காரணம் எளிது: இரண்டாம் பேஸ்மென்ட்டில் போனில் சிக்னல் கிடைக்காது, யுபிஐ சுற்றிக்கொண்டே இருக்கும். பணம் கட்டியபின் காரை எடுத்து வெளியேற 15 நிமிடம் அவகாசம் கொடுங்கள்.

இதையெல்லாம் திறப்பு விழாவுக்குப் பிறகு மாற்றுவதென்றால் வண்டி வருவதை உணரத் தரையில் புதைத்த லூப் வயர், வயர் போகும் கான்டுயிட் குழாய், மெஷின் மேடை மூன்றையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். அதற்குத்தான் யாருக்கும் மனசு வராது. செக்யூரிட்டி கையில் ஒரு விசிலைக் கொடுத்து ரோட்டில் நிறுத்திவிடுவார்கள்.

டூவீலரைக் கார் வழியில் விடுவது

புறநகரில் கூட்டத்தின் பெரும்பங்கு டூவீலர்தான். தரையில் இருக்கும் லூப் பல சமயம் பைக்கை உணராது, பேரியர் தலையில் இறங்கும். இடப்பக்கமாக ஒன்றரை மீட்டரில் தனி வழி, பேரியர் வேண்டாம், ஆள் போதும். நிறுத்துமிடம் தரைத்தளத்தில், கான்கிரீட் தரையில். தார் போட்டால் மே மாத வெயிலில் சைடு ஸ்டாண்டு புதையும். ஒரு வண்டி சாய்ந்தால் வரிசையே சாயும்.

ராம்ப்

1:8 சரிவு (8 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்று வரைந்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். மேல் முனையிலும் கீழ் முனையிலும் மூன்றரை மீட்டருக்கு 1:16 சரிவு கொடுக்காவிட்டால் மேலே காரின் வயிறு உரசும், கீழே பம்பர் இடிக்கும். ராம்ப்பில் வழவழப்பான எபாக்ஸி பூச்சு கூடாது. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே மீன்முள் மாதிரி வரிக்கோடு இழுத்துவிடுங்கள்.

ராம்ப் வாயில் ஒரு மேடு இருக்கும், மழைநீரைத் தடுக்க. பழைய கட்டடத்தில் அந்த மேட்டை மறுபடி அளந்து பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் அது ரோட்டுக்குச் சமமாகவோ கீழேயோ போயிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பேஸ்மென்ட்டில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. இப்போதைய ரோட்டு மட்டத்திலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரம், மேட்டின் இரு பக்கமும் கிராதி போட்ட குறுக்குக் கால்வாய், சம்ப்பில் இரண்டு மோட்டார். மோட்டாரின் பேனலைப் பேஸ்மென்ட்டிலேயே மாட்டுவதைப் போன்ற அபத்தம் கிடையாது. தண்ணீர் வந்தால் முதலில் அதுதான் மூழ்கும்.

உயரம்

புதுப்பிக்கும்போது ஸ்பிரிங்க்ளர் பைப்பும் காற்றுக் குழாயும் புதிதாக வரும், பழைய உயரத்தில் ஓரடி போய்விடும். போர்டில் பழைய எண்ணே இருக்கும். பைப்பின் அடியிலிருந்து அளந்து, ஆகக் குறைந்த இடத்தை எழுதுங்கள். உயரக்கம்பியை ராம்ப்புக்குள் அல்ல, அதற்கு முன்னால், வண்டி திரும்பிப் போக இடமிருக்கும் இடத்தில் தொங்கவிடுங்கள். சரக்கு ஏற்றிய குட்டியானை ராம்ப் நடுவில் மாட்டினால் பின்னால் இருக்கும் அத்தனை காரும் ரிவர்ஸில் ஏற வேண்டும்.

தூண் பக்கத்து இடம்

2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்பது விதி. தூணையோ சுவரையோ ஒட்டினால் அகலத்தில் 30 சென்டிமீட்டர் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கதவு திறக்காது, யாரும் அங்கே வண்டியை விடமாட்டார்கள். நேராக நிறுத்தும் வரிசைக்கு நடுவழி 6 மீட்டர். அது இல்லையென்றால் 45 டிகிரி சாய்த்து 4 மீட்டரில் ஒருவழியாக்குங்கள். எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

மாற்றுத்திறனாளி இடம்

3.6 மீட்டர் அகலம், லிஃப்ட்டிலிருந்து 30 மீட்டருக்குள். ஓனர் காருக்கு அல்ல.

பார்க்கிங்கில் கடை கட்டுவது

சீல் வைப்பார்கள்.