அடுக்கடுக்காக வளர்ந்த பழைய மென்பொருளை உடைக்காமல் பிரிப்பது எப்படி

பல பத்தாண்டுகள் ஓடிய எந்த நிர்வாக மென்பொருளையும் திறந்து பாருங்கள், உள்ளே ஒரே மென்பொருள் இருக்காது. அடியில் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய மையக் கணினியில் கோபோல் என்ற பழைய மொழியில் எழுதிய ஒரு நிரல், அதன் மேல் தொண்ணூறுகளில் போட்ட டெஸ்க்டாப் திரை, அதன் மேல் இணையப் பக்கம், அதற்கும் மேல் மொபைல் செயலிக்கான ஏபிஐ, அதாவது நிரல்கள் தங்களுக்குள் பேசும் வாயில். இடையிடையே ராத்திரியில் கோப்பு அனுப்பும் ஸ்கிரிப்ட்டுகளும், 'தற்காலிகமாக' எழுதி நிரந்தரமாகிப்போன எக்செல் மேக்ரோக்களும் கிடக்கும்.

இதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. பழையதை மாற்றும் வேலை முக்கால்வாசியில் நின்றுபோகிறது. மிச்சக் கால்வாசிக்காகப் பழையதையும் ஓடவிடுகிறார்கள், இரண்டையும் சேர்த்துவைக்க மூன்றாவதாக ஒன்று முளைக்கிறது. ஆகவே பழையதை நிறுத்தும் நாளும் அதற்குப் பொறுப்பான ஆளும் வேலை தொடங்குமுன்பே திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதை எழுத மனம் வரவில்லை என்றால் தொடங்காமல் இருப்பதே நல்லது. யாரும் மாற்றம் கேட்காத, ஒழுங்காக ஓடுகிற பழைய நிரலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

யார் யார் இதை நம்பி ஓடுகிறார்கள்

பழைய வரைபடங்களை நம்பாதீர்கள், ஓடுகிற மெஷினைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வரிலும் எல்லாப் பயனர்களின் க்ரான் பட்டியலையும் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) எடுங்கள். முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது வழக்கமான தவறு. விண்டோஸ் என்றால் டாஸ்க் ஷெட்யூலர். தரவுத்தளத்துக்குள் ட்ரிகர்கள் (தரவு மாறும்போது தானே ஓடுபவை), ஸ்டோர்டு ப்ரொசீஜர்கள் (உள்ளேயே சேமித்த நிரல்கள்), வேறு தரவுத்தளங்களுக்குப் போகும் லிங்க்குகள். பிறகு எஃப்டிபி லாக், அதாவது கோப்புப் பரிமாற்றங்களின் பதிவு.

பழைய அமைப்புகளில் எல்லா நிரல்களும் ஒரே கணக்கில், ஒரே கடவுச்சொல்லில் தரவுத்தளத்துக்குள் நுழைவது சர்வசாதாரணம். அப்படி இருக்கும்வரை யார் எந்த டேபிளைப் படிக்கிறார்கள் என்று லாக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. தெரிந்த ஒவ்வொரு நிரலுக்கும் தனிக் கணக்கு கொடுத்து நகர்த்துங்கள். எல்லோரும் போனபின்னும் பொதுக் கணக்கில் எவராவது நுழைந்தால், அவர்தான் உங்கள் பட்டியலில் விட்டுப்போனவர்.

30 நாள் கவனித்தால் போதும் என்பார்கள். போதாது. வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகள் உண்டு. 13 மாத லாக் இருந்தால் மாத முடிவு, காலாண்டு முடிவு, ஆண்டு முடிவு மூன்றும் அதில் வந்துவிடும். அவ்வளவு காத்திருக்க முடியாவிட்டால், நிறுத்தும் தேதியையாவது அடுத்த ஆண்டு முடிவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

இணைப்புகளில் தரவு எப்படிக் கெடுகிறது

கோபோல் நிரல்கள் தொகைகளைப் பெரும்பாலும் பேக்டு டெசிமல் வடிவில் வைக்கும். ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி. புள்ளிக்கு முன் 7, பின் 2 இலக்கம் உள்ள தொகை 5 பைட்டில் அடங்கிவிடும். மெயின்ஃப்ரேமில் எழுத்துக் குறியீடு எப்சிடிக், மற்ற மெஷின்களில் ஆஸ்கி வழிவந்தவை. கோப்பை எஃப்டிபியில் டெக்ஸ்ட் முறையில் அனுப்பினால் ஒவ்வொரு பைட்டையும் எழுத்து என்று எண்ணி அது மாற்றிவிடும். எப்சிடிக்கில் இடைவெளிக்குக் குறியீடு ஹெக்ஸ் (பதினாறடி எண்) 40, ஆஸ்கியில் ஹெக்ஸ் 20. எனவே தொகைக்குள் 4, 0 என்ற இரு இலக்கங்கள் ஒரே பைட்டில் அமைந்தால், மறுமுனையில் அவை 2, 0 என்று வந்து சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது. மற்ற பைட்டுகள் இலக்கமே அல்லாத குப்பையாக மாறினால் அது உங்கள் அதிர்ஷ்டம், உடனே கண்ணில் படும்.

பைனரி முறையில் அனுப்பி, ரெக்கார்டு அமைப்பைச் சொல்லும் காப்பிபுக்கை வைத்துக்கொண்டு புலம் புலமாக மாற்றுங்கள். நீளம் மாறும் ரெக்கார்டுகள் என்றால் ஒவ்வொன்றின் முன்னாலும் 4 பைட்டில் நீளம் எழுதியிருக்கும். மெயின்ஃப்ரேம் எஃப்டிபி வழக்கமாக அதைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்பும், அனுப்பச் சொல்லி அமைப்பில் கேட்க வேண்டும். அது இல்லாமல் ஒரு ரெக்கார்டு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அடுத்தது தேதி. ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்ததால் வந்த 2000-ஆம் ஆண்டுச் சிக்கலின்போது பலர் ஆண்டை நான்கு இலக்கமாக்கவில்லை. 00 முதல் 19 வரை இரண்டாயிரம், 20 முதல் 99 வரை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எல்லை போட்டுத் தள்ளிவைத்தார்கள். அப்படித் தள்ளிவைத்த நிரல்கள் 2020 ஜனவரியில் தடுமாறின. உங்கள் நிரலில் எல்லை எந்த எண்ணில் இருக்கிறது என்று மூல நிரலில் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். 32 பிட்டில் வைத்த யூனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் விநாடிகள்) 2038 ஜனவரி 19, உலகப் பொது நேரம் 03:14:07-ஐத் தாண்டாது. நீண்ட காலத் தவணை கணக்கிடும் நிரலுக்கு அது இன்றைய பிரச்சினை. எக்செல் கோப்பு இடையில் இருந்தால் இன்னொன்று: 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாளுக்கு எக்செல் 60 என்ற எண்ணைக் கொடுத்துவைத்திருக்கிறது, லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருளின் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக. தேதியை எண்ணாக எடுத்து நீங்களே கணக்குப் போட்டால் ஒரு நாள் பிசகும். 9999-12-31 போன்ற 'முடிவில்லை' தேதிகளையும் தனியாகப் பட்டியலிடுங்கள்.

எழுத்துப் புலங்களில் '20' என்று இருந்தால் 20 எழுத்தா, 20 பைட்டா என்று பாருங்கள். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் 'கொ' என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட் வேண்டும்.

நடத்தையைப் பதிவு செய்வது

ஆவணம் என்ன சொன்னாலும், பழைய நிரல் இன்று செய்வதுதான் விதி. ஒரு சாதாரண நாளின் உள்ளீடு, ஒரு மாத முடிவின் உள்ளீடு இரண்டையும் தனிப்பட்ட விவரங்களை மறைத்து எடுங்கள். பழையதில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை ஓட்டி, வெளியீட்டை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முதல் ஓட்டத்திலேயே இரண்டு வித்தியாசங்கள் அநேகமாக வரும். ஒன்று முழுமையாக்கல்: கோபோலில் ரவுண்டட் என்று சொல்லாவிட்டால் மிச்ச இலக்கங்கள் வெட்டப்படும், சொன்னால் பாதி மேல்நோக்கிப் போகும். பைத்தான் மொழியின் ரவுண்ட் பாதியை இரட்டை எண் பக்கம் தள்ளும். 10.125 என்ற தொகை முறையே 10.12, 10.13, 10.12 ஆகும். பைத்தானில் டெசிமல் வகையைப் பயன்படுத்தி, முழுமையாக்கும் முறையை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். மற்றது வரிசை: எப்சிடிக்கில் சிறிய ஆங்கில எழுத்து, பெரிய எழுத்து, எண் என்று வரும். ஆஸ்கியில் நேர் எதிர்.

வித்தியாசம் பழைய நிரலின் பிழையால் வந்தாலும் முதலில் அதே பிழையோடு புதியதை எழுதுங்கள். திருத்தம் பிறகு, தனி மாற்றமாக வரட்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது.

துண்டு துண்டாக நகர்த்துவது

பனையைச் சுற்றி வளரும் ஆலமரத்தைப் போல, பழையதைச் சுற்றிக்கொண்டே புதியது வளர வேண்டும். எல்லாக் கோரிக்கைகளும் நுழையும் இடத்தில் ஒரு மெல்லிய ப்ராக்ஸி, அதாவது கோரிக்கையை வாங்கி அனுப்பும் இடைநிரல், வையுங்கள். முதல் நாள் அது எதையும் மாற்றாமல் பழையதற்கே அனுப்பட்டும். பிறகு படிக்க மட்டும் செய்யும் ஒரு சிறு செயலை எடுத்து, பழையதன் பதிலைப் பயனருக்குக் கொடுத்துக்கொண்டே புதியதன் பதிலை லாக்கில் ஒப்பிடுங்கள். வித்தியாசம் அடங்கியதும் 1, 10, 50, 100 சதவீதம் என்று திருப்பலாம்.

எழுதும் செயல்களில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நிரல் இரு தரவுத்தளங்களிலும் நேரடியாக எழுதக் கூடாது. ஒன்றில் எழுதி மற்றதில் தோற்றால் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். ஒவ்வொரு தரவுக்கும் பழையது, புதியது இரண்டில் ஒன்றே உரிமையாளராக இருக்கட்டும், மற்றது அதன் மாற்றங்களின் நகலைப் பெறட்டும். தினமும் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் சரிபாருங்கள். இரண்டும் தற்செயலாகப் பொருந்தலாம் என்பதால் வாரம் ஒருமுறை வரிவாரியாகவும் பாருங்கள்.

நிறுத்துவது

2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. 2003-லேயே பயன்பாட்டிலிருந்து நின்ற நிரல்பகுதி நீக்கப்படாமல் சர்வர்களில் கிடந்தது. அதை இயக்கிய ஃப்ளாகை (ஆன்-ஆஃப் குறியை) புதிய வேலைக்கு மறுபடி பயன்படுத்தினார்கள். 8 சர்வர்களில் 7-இல் மட்டும் புதிய நிரல் ஏறியிருந்தது, எட்டாவதில் அதே ஃப்ளாக் செத்த நிரலை எழுப்பிவிட்டது. ஓய்வுபெற்ற ஃப்ளாகின் பெயரையோ பிட்டையோ ஒருபோதும் திரும்ப எடுக்காதீர்கள். நிரலை ஏற்றியபின் எல்லாச் சர்வர்களிலும் பதிப்பு எண் ஒன்றுதானா என்று மெஷினையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பழையதை நேரே அழிக்க வேண்டாம். அலுவல் நேரத்தில், ஆட்கள் இருக்கும்போது 1 மணி நேரம் அணையுங்கள். புகார் வராவிட்டால் ஒரு நாள், பிறகு ஒரு வாரம். அதன்பின் நிரந்தரமாக அணைத்து, ஆண்டு முடிவு கடந்ததும் நீக்குங்கள். க்ரான் வரிகள், கணக்குகள், ஃபயர்வால் அனுமதிகள், ப்ராக்ஸியிலுள்ள கிளைகள் எல்லாம் அதே பட்டியலில் சேரும்.

காப்பகப் பிரதியைப் பழைய வடிவிலேயே விட்டுவிடாதீர்கள். பேக்டு டெசிமலும் எப்சிடிக்கும் நிறைந்த கோப்பைப் படிக்கும் நிரலையே நீங்கள் நீக்கப்போகிறீர்கள். சாதாரண யுடிஎஃப்-8 டெக்ஸ்ட் கோப்பாக மாற்றி, காப்பிபுக்கையும் புல விளக்கத்தையும் அதே இடத்தில் வையுங்கள். மெயின்ஃப்ரேமைத் தொடாத வேறொரு மெஷினில் அதைத் திறந்து, கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று பார்த்தபிறகு பழைய வட்டைத் துடையுங்கள்.