புல்லட் ரயில் சண்டையில் இறங்குவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் இது மாதம் ஒருமுறை வரும். சித்தப்பா ஒருவர் ஜப்பான் ரயில் சீறிப் போகிற வீடியோவைப் போடுவார், உடனே மச்சான் "சோத்துக்கே வழியில்லாத ஊருக்கு இது ஒரு கேடா" என்பார், அப்புறம் இரவு பதினொரு மணிவரை ஓடும். ஆனால் ஒருவரும் ஓர் எண்ணைக்கூட எழுதமாட்டார்கள். நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்க என் வழியைச் சொல்கிறேன். கையில் எடுத்துக்கொள்ள மும்பை–அகமதாபாத் தடமே போதும், நம் நாட்டில் உண்மையிலேயே தூண் எழும்பிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

முதலில் கடன் கணக்கு. 2017 செப்டம்பரில் மோடியும் அப்போதைய ஜப்பான் பிரதமர் ஷின்சோ அபேயும் அடிக்கல் நாட்டியபோது திட்டமதிப்பு சுமார் 1,08,000 கோடி ரூபாய். அதில் 81 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 88,000 கோடி, ஜப்பான் அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜைக்கா கொடுக்கும் கடன். வட்டி 0.1 விழுக்காடு, தவணைக் காலம் 50 ஆண்டு, முதல் 15 ஆண்டு அசல் கட்டத் தேவையில்லை. "கிட்டத்தட்ட இலவசம்" என்று சித்தப்பா சொல்வது இதை வைத்துத்தான். வட்டியை மட்டும் பார்த்தால் அவர் சொல்வதும் சரி, ஆண்டுக்கு 88 கோடி, ஒரு மேம்பாலக் காசு. அசலைப் பாருங்கள். 88,000 கோடியை மிச்சமுள்ள 35 ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 2,500 கோடி.

இப்போது டிக்கெட். 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (இது என் ஊகம், உங்களுக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்). 2,500 கோடியை 3,000-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 83 லட்சம் பேர், நாளுக்கு 23,000 பேர். ஆனால் வசூலாகிற காசு முழுக்கக் கடனுக்குப் போகாது, மின்சாரம், சம்பளம், பராமரிப்பு எல்லாம் இருக்கிறது. பாதி அதற்குப் போகும் என்றால் நாளுக்கு 46,000 பேர் வேண்டும். ஒரு வண்டிக்கு 700 இருக்கை என்றால் 66 வண்டி, அதுவும் ஓர் இருக்கை காலியில்லாமல். தொடக்கத்தில் ஓட்டப்போவதாகச் சொன்னது ஒரு திசைக்கு 35, ஆக மொத்தம் 70. கட்டணத்தை 2,000 ஆக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 100 வண்டி நிரம்ப வேண்டும். இந்தக் கணக்கை ஒரு படம் பிடித்துக் குழுவில் போட்டால் இரண்டு பக்கமும் கொஞ்சநேரம் அமைதியாகிவிடும், அனுபவத்தில் சொல்கிறேன்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, எதிராளி கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். ஓர் இருக்கை ஒரு பயணத்தில் இரண்டுமுறை விற்கும். மும்பையில் ஏறியவர் சூரத்தில் இறங்கினால் அதே இருக்கையில் இன்னொருவர் அகமதாபாத் போவார். காலையில் மும்பை போய் வேலையை முடித்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்ப நினைக்கிற சூரத் ஜவுளி வியாபாரிதான் இந்த ரயிலுக்கு நல்ல வாடிக்கையாளர். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, சூரத்தில் நிலையம் எங்கே?

அந்த்ரோலியில். ஊருக்கு வெளியே, பழைய சூரத் ரயில் நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். அதே தடத்தில் வடோதராவைப் பாருங்கள், இப்போதிருக்கிற ரயில் நிலையத்தின் தலைக்குமேலேயே புதுநிலையம் வருகிறது. அகமதாபாத்திலும் பழைய நடைமேடைகளுக்கு மேலேதான். ஊருக்குள் கட்டினால் செலவும் தலைவலியும் கூடும், ஆனால் பயணி ஆட்டோவிலிருந்து இறங்கி நேரே ஏறுவார். வெளியே கட்டினால் மலிவு, வண்டியில் மிச்சம் பிடித்த அரைமணியை ஆட்டோவில் தொலைப்பார். வழித்தடச் சண்டை வேறு, லாப நட்டச் சண்டை வேறு என்று பலர் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். நிலையம் எங்கே என்று தெரியாமல் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

அடுத்தது நிறுத்தங்கள். 508 கிலோமீட்டரில் 12 நிலையம். சில இடங்களில் மட்டும் நின்றால் 2 மணி 7 நிமிடம், எல்லா இடத்திலும் நின்றால் 2 மணி 58 நிமிடம் என்பது திட்டம். 51 நிமிட வித்தியாசம், ஒரு நிறுத்தத்துக்கு ஆறேழு நிமிடம் என்று வருகிறது. யாராவது "எங்கள் ஊரிலும் நிற்கட்டும்" என்றால் கோபப்படாதீர்கள், அந்த ஆறேழு நிமிடத்தை அவர் முன்னால் வைத்து, இதற்கு ஈடாக உங்கள் ஊரில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேளுங்கள். இதே தடத்தில் நிலையம் வருகிற பில்லிமோரா, போய்சர் மாதிரிச் சின்ன ஊர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கடுமையானதுதான். ஆனால் நிலம் கொடுக்கிற ஊருக்கு, தலைக்குமேல் பறக்கிற வண்டியைப் பார்த்துக் கையசைப்பது மட்டுமே மிச்சம் என்றால் அவர்கள் ஏன் கொடுக்க வேண்டும்? தடம் போகிற மகாராஷ்டிரத்துப் பால்கர் மாவட்டப் பழங்குடி மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்ததைப் பேசாமல் செலவைப் பற்றிப் பேச முடியாது, தாமதமும் செலவுதான். தடத்தின் பெரும்பகுதியைத் தூண்மேல் கொண்டுபோவதற்கு ஒரு காரணமும் நிலம்தான். தரையில் மண்மேடு போட்டுத் தண்டவாளம் பதித்தால் அகலம் கூடுதலாக வேண்டும், தூணுக்கு ஏறக்குறைய பாதி போதும்.

வெளிநாட்டு உதாரணம் கட்டாயம் வரும். பிரான்ஸ் என்றால் ஒன்று சொல்லுங்கள், அங்கே அதிவேக வண்டி ஊர் எல்லை வந்ததும் பழைய தண்டவாளத்தில் இறங்கி நகர மையத்துக்குப் போய்விடும், அதனால் ஊருக்குள் புதிதாக இடிக்க வேண்டியதில்லை. நம்மிடம் பழைய பாதை அகலப்பாதை, புல்லட் ரயிலோ அதைவிடக் குறுகலான ஸ்டாண்டர்டு கேஜ், பழைய தண்டவாளத்தில் ஓடாது, அந்தச் சலுகை கிடையாது. தைவானில் 2007-இல் ஓடத் தொடங்கியது, பல நிலையங்கள் ஊருக்கு வெளியே, எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, கடைசியில் 2015-இல் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்த 35 ஆண்டு உரிமத்தை 70 ஆக நீட்டித்துக் காப்பாற்றினார்கள். இன்று அந்த வண்டி கூட்டமாக ஓடுகிறது, அதையும் மறைக்காதீர்கள்.

ஜப்பானை இரண்டு பக்கமும் எடுத்தாளலாம். டோக்கியோ–ஒசாகா தடம் 1964-இல் திறந்தபோது செலவு முதலில் சொன்னதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகியிருந்தது, திட்டத்தைத் தூக்கிச் சுமந்த ரயில்வே தலைவர் ஷின்ஜி சோகோ அதற்கு முந்தின ஆண்டே பதவி விலகியிருந்தார். ஆனாலும் அந்தத் தடம் காசு கொழித்தது, ஏனென்றால் பழைய பாதை ஏற்கெனவே பிதுங்கி வழிந்துகொண்டிருந்தது. சரி, அதைப் பார்த்துவிட்டு எல்லா ஊருக்கும் போடலாம் என்று கிளம்பினால்? 1987-இல் ஜப்பான் தேசிய ரயில்வேயையே மலைபோன்ற கடனோடு உடைத்துத் தனியாருக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தக் கடன் முழுக்கப் புல்லட் ரயிலால் வந்ததல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், இல்லாவிட்டால் சித்தப்பா விடமாட்டார்.

டெல்லி மெட்ரோவைக் கட்டிய "மெட்ரோ மனிதர்" ஸ்ரீதரனே இது பணக்காரர்களுக்கான ரயில் என்று சொல்லிவிட்டார் என்று மச்சான் போடுவார். உண்மைதான், சொன்னார். பெரியவர் பெயரை வைத்து வாதத்தை முடிக்காமல், அந்தக் காசில் இருக்கிற பாதைகளில் என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். கூடுதல் இருப்புப்பாதை, புதுச் சிக்னல், முன்பதிவில்லாப் பெட்டி. அதில் மச்சான் பதில் சொல்லத் தொடங்கினால்தான் உரையாடல். நான் இதில் இரண்டும்கெட்டான், மும்பை–அகமதாபாத் தடத்தில் கூட்டம் வரும் என்று நினைக்கிறேன், முதல் முப்பது ஆண்டில் போட்ட காசு திரும்பும் என்று நினைக்கவில்லை.

அப்புறம் நம்ம ஊர்ப் பேச்சு. சென்னை–பெங்களூரு–மைசூரு, 435 கிலோமீட்டர் என்று ரொம்ப நாளாகக் காதில் விழுகிறது. ஓசூர் வழியா, சித்தூர் வழியா என்று அதற்குள் பாதிப்பேர் கச்சைகட்டிவிட்டார்கள். அந்தச் சண்டையில் இறங்கினால் முதலில் கேளுங்கள், சென்னையில் எங்கே ஏறுவது? சென்ட்ரலா, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கமா? தாம்பரத்துக்காரர் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம், பெங்களூரில் இறங்கி ஒயிட்ஃபீல்டு போக எவ்வளவு நேரம் என்று தாளில் கூட்டுங்கள். வந்தே பாரத்தில் நாலரை மணி நேரத்துக்குள் போகிற ஊருக்கு, இரண்டு பக்கமும் இந்த நேரத்தைச் சேர்த்தபிறகு மிஞ்சுகிற மிச்சம் எவ்வளவோ, அதற்குத்தான் அந்தத் தாம்பரத்துக்காரர் டிக்கெட் வாங்குவார்.